மாரே பண்டிதரும் கொல்லாத் துப்பாக்கியும்

விண்ணிற் பறக்கும் பறவையைக் கண்டு வியவாத மனிதர் எக்காலத்தும் எந்நாட்டிலும் இலர். முற்றத்திற் சிந்திய நெல்லைக் கொத்தும் சிட்டுக்குருவி, நாம் ஓரடி எடுத்து வைப்பதற்குள் கூரைமேல் இருக்கின்றது. அது எழுந்ததையும் கண்டோம், அமர்ந்ததையும் கண்டோம். இடையில் அதன் சிறகு எத்தனை முறை அடித்தது, முன்னோக்கி அடித்ததோ பின்னோக்கி அடித்ததோ, மேலெழும்போது விரிந்திருந்ததோ மடங்கியிருந்ததோ என்று எவரேனும் வினவின், நம்முள் விடை கூறவல்லார் ஒருவரும் இலர். கண் திறந்திருந்தும் காணாத காட்சிகளுள் இதுவும் ஒன்று.

இக்காட்சியைக் கண்டே தீர்வேன் என்னும் வேட்கையாற் பல்லாண்டுகள் உழைத்து வெற்றி பெற்றவர் எத்தியேன் ஜூல் மாரே என்னும் பிரெஞ்சு தேசத்துப் பண்டிதர். அவர் கையாண்ட கருவிகளுட் பேர்பெற்றது ஒரு துப்பாக்கி. அதில் வெடிமருந்தும் இல்லை, குண்டும் இல்லை. அதனாற் சுடப்பட்ட பறவை ஓரிறகும் உதிராமல் தன் வழியே பறந்து சென்றது. அதன் வடிவம் மட்டும் கண்ணாடித் தகட்டிற் பதிந்து நின்றது. அப்பெரியாருடைய சரித்திரத்தை நம் நேயர்கள், சிறப்பாக நம் இல்லங்களிலுள்ள மாணவர்கள், அறிந்துகொள்வது நலமெனக் கருதி ஈண்டுச் சுருக்கி எழுதுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

பிரெஞ்சு தேசத்தின் கிழக்குப் பகுதியில் பர்கண்டி என்னும் நாடு உளது. திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போன அந்நாட்டில், போன் என்னும் சிறு நகரில், 1830-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 5-ம் தேதி மாரே பிறந்தார். அவர் தந்தையார் திராட்சை மது வாணிக நிலையம் ஒன்றில் அலுவல் பார்த்து வந்தவர். மகனுடைய எதிர்காலத்தைக் குறித்து அவ்வீட்டில் மூவருக்கும் மூன்று கருத்து இருந்தது. அன்னையார் மகன் கிறிஸ்தவ குருவாக வேண்டுமென விரும்பினார். தந்தையார் வைத்தியனாக வேண்டுமென்றார். மகனுடைய உள்ளமோ யந்திரங்களிடத்தே ஈடுபட்டிருந்தது. எஞ்சினீயராக வேண்டுமென்பதே அவருடைய அவா.

முடிவில் தந்தையின் சொல்லே நிலைத்தது. மாரே 1849-ம் ஆண்டிற் பாரிஸ் நகரம் சென்று வைத்தியக் கல்வி தொடங்கினார். 1859-ல் இரத்த ஓட்டத்தைப் பற்றிய ஆராய்ச்சி எழுதி டாக்டர் பட்டம் பெற்றார். தந்தையின் விருப்பத்தை நிறைவேற்றிய அவர், தம் விருப்பத்தையும் கைவிட்டாரல்லர். யந்திரங்களை ஆராய இடமில்லாமற்போக, உயிருள்ள உடலையே ஒரு யந்திரமாகக் கொண்டு ஆராயத் தலைப்பட்டார். இதயம் நீரிறைக்கும் பொறி போல்வது. இரத்தக் குழாய்கள் நீர் பாயும் குழாய்கள் போல்வன. எலும்பும் தசையும் நெம்புகோலும் கயிறும் போல்வன. இவ்வாறு வைத்தியமும் யந்திரக் கலையும் அவரிடத்தே ஒன்றுபட்டன. பிள்ளைகளின் இயற்கை நாட்டத்தை ஒரு வாயிலில் அடைத்தாலும் அது மற்றொரு வாயிலால் வெளிப்படும் என்பதற்கு இவரே சான்றாவர்.

நாடியைத் தானே எழுதச் செய்தது

அக்காலத்தில் வைத்தியர்கள் நாடியை விரலால் தொட்டுப் பார்த்து, அது மெலிது, வலிது, விரைவு, தளர்வு என்று சொற்களால் உரைத்து வந்தனர். ஒருவருக்கு மெலிதாகப் படுவது மற்றொருவருக்கு வலிதாகப் படலாம். விரல் உணர்ந்தது அடுத்த கணத்தில் மறைந்துபோம். நாடி தன் துடிப்பைத் தானே எழுதிக்காட்டினால் இவ்வையங்கள் நீங்குமன்றோ என்று மாரே எண்ணினார். அவருக்குமுன் ஜெர்மானியர் ஒருவர் இதற்கென ஒரு கருவி செய்திருந்தார். அது பெரியது, கையாளுதற்கு அரியது. மாரே 1860-ம் ஆண்டளவில் மணிக்கட்டிற் கட்டிக்கொள்ளத்தக்க இலேசான கருவி ஒன்றை அமைத்தார். நாடி துடிக்கும்போது ஒரு மெல்லிய நெம்புகோல் உயர்ந்து தாழும். அதன் முனை புகையூட்டிய தாளின்மேல் அலைபோன்ற கோடு வரையும். இக்கருவி வைத்தியர்களிடையே விரைவிற் பரவியது.

பின்னர் லையோன் நகரத்து மிருக வைத்தியராகிய ஷோவோ என்பவருடன் சேர்ந்து, உயிருள்ள குதிரையின் இதயத்துள் மெல்லிய குழாய் செலுத்தி, அதன் அறைகள் எம்முறையிற் சுருங்குகின்றன என்பதையும் இவ்வாறே கோடாக எழுதச் செய்தார். 1864-ல் பாரிஸ் நகரிற் பழைய நாடக அரங்காக இருந்த ஒரு கட்டடத்தில் தமக்கெனச் சோதனைச்சாலை அமைத்துக்கொண்டார். 1869-ல் புகழ்பெற்ற கொலேஜ் த பிரான்ஸ் என்னும் கல்விக்கழகத்திற் பேராசிரியரானார்.

இப்பணிகள் யாவற்றிற்கும் அடிப்படையாக நின்றது ஒரே கொள்கை. மனிதனுடைய ஐம்புலன்கள் விரைந்து நிகழ்வனவற்றைப் பற்றமாட்டா. ஆதலின் நிகழ்ச்சி தன்னைத் தானே எழுதும்படி செய்தல் வேண்டும். இக்கொள்கையே அவரை நாடியிலிருந்து பறவையிடம் அழைத்துச் சென்றது.

பறவைக்குக் கட்டிய கருவி

மாரே முதலிற் சிறிய உயிர்களை எடுத்துக்கொண்டார். குளவியின் சிறகு நுனியிற் பொற்றகட்டின் துணுக்கை ஒட்டி, இருண்ட பின்னணியில் வெயில் படும்படி பிடித்தார். சிறகு அடிக்கும்போது அப்பொன்துளி எட்டு என்னும் ஐரோப்பிய எண்ணின் வடிவத்தில் ஒளிக்கோடு காட்டியது. பின்னர்ச் சுழலும் புகைத்தாளில் சிறகின் நுனி உரசும்படி செய்து எண்ணிக்கை எடுத்தார். விநாடி ஒன்றுக்கு வீட்டு ஈ 330 முறையும், தேனீ 190 முறையும், குளவி 110 முறையும், தும்பி 28 முறையும், வெள்ளை வண்ணத்துப்பூச்சி 9 முறையும் சிறகடிப்பதாகக் கண்டார்.

பறவைகளை ஆராய்வது இதனினும் கடினமாயிற்று. அவற்றின் உடலிற் சிறு கச்சை பூட்டி, காற்றடைத்த மெல்லிய ரப்பர்க் குழாய்களை இணைத்து, சிறகின் அசைவு குழாய் வழியே சென்று எழுதுகோலை அசைக்குமாறு ஏற்பாடு செய்தார். நீண்ட கோலொன்றின் முனையிற் பறவையைப் பிணைத்து, அக்கோல் செக்குப்போற் சுழலப் பறவை வட்டமாகப் பறக்கும்படி விட்டார். சிட்டுக்குருவி விநாடிக்கு 13 முறையும், காட்டு வாத்து 9 முறையும், மாடப்புறா 8 முறையும் சிறகடிப்பது இவ்வகை ஆராய்ச்சிகளால் தெரிய வந்தது. சிறகு மேலெழும் காலத்தினும் கீழிறங்கும் காலமே பெரும்பாலும் நீண்டது என்பதும் புலனாயிற்று. இவற்றையெல்லாம் தொகுத்து 1873-ம் ஆண்டில் உயிர் யந்திரம் என்னும் பொருள்படும் பெயருடன் ஒரு நூல் வெளியிட்டார். அது மறுவருடமே ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது.

ஆயினும் மாரேயின் மனம் அமைதியுறவில்லை. கச்சையும் குழாயும் சுமந்து செக்கைச் சுற்றும் பறவை, தன் மனம்போல் வானிற் பறக்கும் பறவையாகுமா? பிணித்து வைத்த உயிர் பிணிப்பின் தன்மையையும் சேர்த்துக் காட்டுமேயல்லாமல், தன் இயல்பை மட்டும் காட்டாது. அதன் உடலைத் தொடாமலே அதன் அசைவை எழுதச் செய்ய வழியுண்டோ என்பதே அவருக்குப் பெருங்கேள்வியாயிற்று.

அமெரிக்காவிலிருந்து வந்த குதிரை

அவ்வழியைக் காட்டியது ஒரு குதிரை. மாரே தம் நூலிற் குதிரையின் நடைகளையும் ஆராய்ந்திருந்தார். குளம்புகளில் ரப்பர் உருண்டைகளைப் பொருத்தி, குதிரை ஓடும்போது நான்கு கால்களும் ஒருங்கே நிலத்தை விட்டு எழும் கணம் ஒன்றுண்டு என்பதைக் கோடுகளாற் காட்டியிருந்தார். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தின் கவர்னராக இருந்த லீலாண்ட் ஸ்டான்போர்டு என்னும் செல்வர் குதிரைகளில் மிக்க பற்றுடையவர். மாரேயின் ஆராய்ச்சி அவருடைய ஆவலைப் பெருக்கியது. அவர் பொருளுதவி செய்ய, எட்வர்டு மைபிரிட்ஜ் என்னும் நிழற்படக்காரர் 1878-ல் 12 காமிராக்களை ஓட்டப்பாதையின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தினார். குதிரை ஓடுகையில் குறுக்கே கட்டிய நூல்கள் அறுந்தன. நூல் அறுந்ததும் அதற்குரிய காமிரா படம் பிடித்தது. நான்கு கால்களும் அந்தரத்தில் நின்றதை உலகமே கண்டது.

அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் அப்படங்கள் பாரிஸ் நகரத்து விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தன. அவற்றைக் கண்ட மாரே பெருமகிழ்ச்சி கொண்டு, பறவைகளையும் இவ்வாறு பிடித்தல் கூடுமோ என்றும், துப்பாக்கி வடிவான காமிரா ஒன்றைப்பற்றித் தாம் எண்ணி வருவதாகவும் அப்பத்திரிகையின் ஆசிரியருக்கு எழுதினார். 1881-ம் ஆண்டிற் பாரிஸ் வந்த மைபிரிட்ஜைத் தம் இல்லத்திற்கு அழைத்து, அறிஞர் பலரைக் கூட்டிச் சிறப்புச் செய்தார். மைபிரிட்ஜ் தாம் எடுத்த புறாப் படங்கள் சிலவற்றைக் கொணர்ந்திருந்தார். ஆனால் அவை தனித்தனிக் கணங்களைக் காட்டினவேயன்றி, ஒரு சிறகடிப்பின் தொடக்கம் முதல் முடிவு வரை தொடர்ச்சியாகக் காட்டவில்லை.

இக்குறைக்குக் காரணம் எளிதில் விளங்கும். குதிரைக்குப் பாதையுண்டு. அது எங்கே வரும் என்பதை முன்னரே அறிந்து காமிராக்களை நிறுத்தலாம். வானத்துப் பறவைக்குப் பாதை ஏது? அது நாம் கட்டிய நூலை அறுத்துச் செல்லவும் வாராது. ஆகவே பறவை காமிராவைத் தேடி வருமென்று காத்திராமல், காமிராவே பறவையைத் தொடர்ந்து செல்லுதல் வேண்டும். பன்னிரண்டு காமிராக்களின் வேலையை ஒரே காமிரா, அதுவும் கையில் ஏந்தத்தக்க காமிரா, செய்தல் வேண்டும். பறக்கும் பறவையைத் தொடர்வதற்கென மனிதர் நெடுங்காலமாகப் பழகிய கருவி யாது? வேட்டைக்காரன் துப்பாக்கியே அன்றோ!

கொல்லாத் துப்பாக்கி

இதற்கு ஒரு முன்மாதிரியும் இருந்தது. 1874-ம் ஆண்டில் சுக்கிரன் என்னும் கிரகம் சூரியனுக்கு நேரே கடந்து சென்றபோது, ஜான்சன் என்னும் பிரெஞ்சு வானசாஸ்திரி, சுழலும் தகட்டில் அடுத்தடுத்துப் படம் பிடிக்கும் கைத்துப்பாக்கி போன்ற ஒரு கருவியை அமைத்திருந்தார். ஆனால் கிரகத்தின் செலவு மிக மெதுவானது. அக்கருவியும் படங்களை மெதுவாகவே எடுத்தது. மாரேக்கு வேண்டியதோ ஒரே விநாடியிற் பல படங்கள். நல்வாய்ப்பாக அக்காலத்தில் ஜெலட்டின் பூசிய உலர்ந்த கண்ணாடித் தகடுகள் கடைகளிற் கிடைக்கத் தொடங்கின. பழைய ஈரத் தகடுகளைக் காட்டிலும் இவை மிகக் குறைந்த ஒளியிற் படத்தைப் பற்றவல்லன.

மாரே குளிர்காலங்களை இத்தாலி தேசத்து நேப்பிள்ஸ் நகரத்தை அடுத்த பொசிலிப்போ என்னும் குன்றிலுள்ள தம் இல்லத்திற் கழிப்பது வழக்கம். அவ்விடத்திலே 1882-ம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் துப்பாக்கி ஆயத்தமாயிற்று. அதன் அமைப்பைச் சிறிது விளக்குவோம். குழலினுள்ளே குண்டு செல்லும் வழியில் லென்ஸ் என்னும் வில்லைக் கண்ணாடி இருந்தது. குழலை நீட்டியும் குறுக்கியும் பறவையின் தொலைவுக்கேற்ப உருவத்தைத் தெளிவாக்கலாம். குழலின் பின்புறம் வட்டமான பெட்டியொன்றில் கடிகார யந்திரம் இருந்தது. விசையை இழுத்தவுடன் அது ஓடத் தொடங்கும். அதன் அச்சு விநாடிக்கு 12 முறை சுழலும். அச்சுடன் சுழலும் தட்டொன்றில் ஒரு சிறு பிளவு உண்டு. அப்பிளவு வில்லைக்கு நேரே வரும்போது மட்டும் ஒளி உட்புகும். அவ்வாறு ஒளி புகும் காலம் ஒரு விநாடியின் 720-ல் ஒரு பங்கு. ஒவ்வொரு முறையும் கண்ணாடித் தகடு ஓரிடம் நகர்ந்து நின்று, மீண்டும் நகரும். ஒரு விநாடி முடியும்போது தகட்டின் விளிம்பைச் சுற்றி 12 சிறு படங்கள் பதிந்திருக்கும். 25 தகடுகளை வெளிச்சம் படாமல் அடுக்கி வைத்து மாற்றுதற்கு ஒரு பெட்டியும் இருந்தது.

பார்க்குமிடத்து இதிற் பெரும் பொருட்செலவோ, விளங்காத மாயமோ ஒன்றும் இல்லை. வில்லை ஒன்று, பிளவுபட்ட தட்டு ஒன்று, கடிகாரச் சுருள் ஒன்று, கண்ணாடித் தகடு ஒன்று. இவை தனித்தனியே பலரும் அறிந்த பொருள்களே. இவற்றை எதற்காகக் கூட்ட வேண்டும் என்பதை அறிந்தவர் மாரே.

அவ்வாண்டு பிப்ரவரி மாதத்தில் அவர் தம் அன்னையாருக்கு எழுதிய கடிதத்தில், கொலைத்தொழிலே அறியாத துப்பாக்கி ஒன்று தம்மிடம் உள்ளதென்றும், அது பறக்கும் பறவையையும் ஓடும் விலங்கையும் விநாடியின் 500-ல் ஒரு பங்கிற்கும் குறைந்த நேரத்திற் படம் பிடிக்கின்றதென்றும் மகிழ்ந்து தெரிவித்தார். மகன் குருவாக வேண்டுமென்று விரும்பிய தாய்க்கு, ஐம்பத்திரண்டாம் வயதை நெருங்கிய மகன் எழுதிய செய்தி இது.

கடற்கரையில் நாடோறும் ஒரு கனவான் துப்பாக்கி ஏந்தி நிற்பதையும், கடற்காகங்களைக் குறிபார்ப்பதையும், விசையை இழுப்பதையும், ஒரு பறவையும் விழாதிருப்பதையும், அதன்பின்னும் அவர் மனநிறைவோடு வீடு திரும்புவதையும் கண்ட அவ்வூரார் வியந்தனர். அவருக்குப் பொசிலிப்போவின் பித்தர் என்று பெயரிட்டு அழைத்தனர் என்பர். மாரே தம் வேலையைத் தொடர்ந்து செய்தார்.

படங்கள் கூறிய செய்தி

கடற்காகத்தின் படங்களிற் கண்டது யாது? அப்பறவை விநாடிக்குச் சரியாக மூன்று முறை சிறகடித்தது. ஆகவே 12 படங்களில் நான்கு நிலைகள் மாறிமாறித் திரும்ப வந்தன. முதற் படத்திற் சிறகுகள் உச்சியில் உயர்ந்திருந்தன. அடுத்ததில் இறங்கத் தொடங்கின. மூன்றாவதில் முற்றும் தாழ்ந்தன. நான்காவதில் மீண்டும் எழுந்தன. மனிதன் தோன்றிய நாள் முதற் கண்முன் நிகழ்ந்தும் கண்ணுக்கு அகப்படாத நிகழ்ச்சி, கண்ணாடியில் அசையாமல் நின்றது. மனம்போற் பறந்து திரியும் பறவை, கச்சையின்றி, குழாயின்றி, தன்னை ஒருவர் ஆராய்கின்றார் என்னும் அறிவும் இன்றித் தன் இரகசியத்தைக் கூறியது.

பறவை படகோட்டியின் துடுப்பைப்போலச் சிறகைப் பின்னோக்கித் தள்ளி முன்செல்கின்றது என்று பலரும் எண்ணியிருந்தனர். மாரே முன்னரே தம் கருவிகளால் இதை மறுத்திருந்தார். கீழிறங்கும் சிறகு பின்னோக்கிச் செல்லாமல் முன்னோக்கியே செல்கின்றது. மேலெழும்போது பின்னோக்கி வருகின்றது. பிற்பாடு எடுத்த நிழற்படங்கள் இவ்வுண்மையைக் கண்கூடாக்கின.

இங்கு மாரேயின் பெருமையை விளக்கும் மற்றொரு செய்தியும் உண்டு. அத்துப்பாக்கியை உலகம் வியந்து புகழ்ந்துகொண்டிருந்தபோதே, அதன் குறைகளை அவரே எடுத்துரைத்தார். படங்கள் மிகச் சிறியன. பெரிதாக்கினால் விளிம்பு மங்கும். ஒளிமிக்க வானத்தின்முன் பறவை கருநிழலாகவே தெரியும். இறகுகளின் அமைதி தெரியாது. விநாடிக்கு 12 படங்கள் கடற்காகத்துக்குப் போதுமாயினும், அதனினும் விரைந்து சிறகடிக்கும் பறவைகளுக்குப் போதா. தாம் பெற்ற புகழுக்குக் காரணமான கருவியைச் சில மாதங்களுக்குள்ளாகவே ஒதுக்கிவைத்து, அவர் வேறு வழி தேடினார். கருவியின்மேற் பற்றுக்கொள்ளாது உண்மையின்மேற் பற்றுக்கொண்டவர்க்கே இது கூடும்.

கருந்திரையும் வெண்பறவையும்

அவ்வாண்டிலேயே பாரிஸ் நகரசபையும் அரசாங்கமும் செய்த உதவியால், அந்நகரின் மேற்கெல்லையிலுள்ள பூலோன் வனத்தருகே அவருக்கு ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஜார்ஜ் தெமெனி என்பவர் அவருக்கு உதவியாளராக அமைந்தார். அங்கு மாரே துப்பாக்கியின் முறையைத் தலைகீழாக்கினார். தகட்டை நகர்த்தாமல் நிலையாக வைத்தார். ஒளி சிறிதும் எதிரொளிக்காத கரிய பின்னணி அமைத்து, அதன்முன் வெயிலில் வெண்ணிறப் பறவையைப் பறக்கவிட்டார். பிளவுள்ள தட்டு சுழலச் சுழல, பறவை கடந்து சென்ற ஒவ்வோர் இடத்திலும் அதன் உருவம் ஒரே தகட்டில் அடுத்தடுத்துப் பதிந்தது. புறா, கடற்காகம், கூழைக்கடா முதலியன பூமாலை தொடுத்தாற்போல ஒரே படத்தில் வரிசையாகத் தோன்றின.

பின்னர் ஒரே பறவையைப் பக்கத்திலிருந்தும், மேலிருந்தும், எதிரிலிருந்தும் படமெடுத்தார். அவற்றை ஒப்புநோக்கி, கடற்காகம் பறக்கும் நிலைகளை 1887-ல் உருவச் சிலைகளாகச் செய்வித்தார். அவ்வுருவங்களைச் சுழலும் உருளையினுள் வட்டமாக நிறுத்திப் பிளவுகளின் வழியே நோக்கினால், பறவை பறப்பதுபோலவே தோன்றும். வேண்டுமாயின் மெதுவாகச் சுழற்றிக் கண்ணால் தொடரலாம்.

இம்முறையிலும் ஒரு குறை இருந்தது. பறவை மெதுவாகச் செல்லின் உருவங்கள் ஒன்றன்மேலொன்று படிந்து குழம்பும். ஆதலின் படம் பதியும் பரப்பு மீண்டும் நகர வேண்டியதாயிற்று. 1888-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நீண்ட காகித நாடாவிற் பதிந்த தொடர்படங்களை விஞ்ஞானக் கழகத்தின்முன் வைத்தார். இரண்டாண்டுகளில் காகிதத்தின் இடத்தைச் செல்லுலாயிட் நாடா பெற்றது. 1890-ல் பறவைகளின் பறப்பு என்னும் பொருள்படும் பெரு நூலை வெளியிட்டார்.

இருபெரும் விளைவுகள்

மாரேயின் உழைப்பிலிருந்து உலகம் இரண்டு பெரும் பயன்களை எய்தியது. ஒன்று சினிமா. 1889-ல் பாரிஸ் நகரத்துப் பெருங்கண்காட்சிக்கு வந்த எடிசன், மாரேயின் தொடர்படங்களைக் கண்டார். 1895-ல் லூமியேர் சகோதரர்கள் அசையும் படங்களைத் திரையிற் காட்டிப் புகழ்பெற்றனர். மாரே அவ்வழியிற் பொருளீட்ட முயன்றாரல்லர். உதவியாளர் தெமெனி இக்கருவிகளை வாணிகத்துறையிற் செலுத்த விரும்பினார். இதுபற்றி எழுந்த வேற்றுமையால் 1894-ல் இருவரும் பிரிந்தனர். பன்னிரண்டாண்டு உடனுழைத்தவரைப் பிரிதல் எளிதன்று. தெமெனியின் விருப்பம் இயல்பானதே. அவருடைய உழைப்பும் சிறிதன்று. ஆயினும் மாரேயின் நோக்கம் வேறு. கண் காண்பதையே மீண்டும் கண்ணுக்குக் காட்டுவதில் அவருக்கு நாட்டமில்லை. கண் காணமாட்டாததைக் காட்டுவதே அவருக்கு வேண்டியது. விரைந்ததை மெதுவாக்கியும், மெதுவானதை விரைவாக்கியும் காண்பதே அவர் மதித்த பயன்.

மற்றொன்று ஆகாய விமானம். அமெரிக்காவில் சைக்கிள் கடை நடத்திவந்த ரைட் சகோதரர்கள் பறத்தலைப் பற்றிக் கற்கத் தொடங்கிய காலத்தில், அவர்கள் படித்த நூல்களுள் மாரேயின் உயிர் யந்திரமும் ஒன்று. மாரே தம் முதுமையிற் காற்றின் இயல்பையே ஆராயத் தொடங்கி, 1899 முதல் 1901 வரை, கண்ணாடிப் பெட்டியினுள் மெல்லிய புகை இழைகளைச் செலுத்தி, தடையொன்றைச் சுற்றிக் காற்று எவ்வாறு வளைந்து செல்கின்றது என்பதைப் படம் பிடித்தார். காணாத காற்றையும் காணச் செய்தது அவர் கலை.

மறைவு

1878-ல் விஞ்ஞானக் கழகத்தில் அங்கத்தினரான மாரே, 1895-ல் அதன் தலைமைப் பதவியையும் வகித்தார். 1904-ம் ஆண்டு மே மாதத்திற் பாரிஸ் நகரில், தம் 74-ம் வயதில், அவர் உலக வாழ்வை நீத்தார். அதற்கு ஐந்து திங்களுக்கு முன்னர், 1903-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 17-ம் தேதி, ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முறையாக மனிதனைச் சுமந்து எழுந்தது. பறவை எங்ஙனம் பறக்கின்றது என்று முப்பதாண்டுகளுக்கும் மேலாக வினவிய பெரியாரின் ஆயுட்காலத்திலேயே மனிதனும் பறந்தான்.

இச்சரித்திரத்தால் நாம் அறிவன

இன்று நம் இளைஞர்களின் கையிலுள்ள கைப்பேசி, மாரேயின் துப்பாக்கியைக் காட்டிலும் பன்மடங்கு விரைவாகப் படம் பிடிக்கின்றது. ஒரு விநாடியில் 12 படங்கள் என்பது அதற்கு விளையாட்டு. கருவியால் நாம் மாரேயை வென்றுவிட்டோம். ஆனால் அக்கருவியைக்கொண்டு யாது கேட்கின்றோம் என்பதே எண்ணத்தக்கது. மாரேயின் கையில் ஒரு கேள்வி முதலில் இருந்தது. கருவி பின்னர் வந்தது. கேள்வி இல்லாதவன் கையில் எத்துணைச் சிறந்த கருவியும் பொழுதுபோக்கும் பொம்மையே. கேள்வியுடையவன் கடிகாரச் சுருளையும் கண்ணாடித் துண்டையும் கொண்டே வானத்தின் மறைபொருளை வாங்கிவிடுவான்.

பெற்றோர் கருதத்தக்கதும் இதில் உண்டு. பித்தர் என்று ஊரார் நகைத்தவரே பின்னர் ஒரு தேசத்து விஞ்ஞானக் கழகத்தின் தலைவராயிருந்தார். நம் வீட்டுச் சிறுவனோ சிறுமியோ எறும்பின் வரிசையையோ பருந்தின் வட்டத்தையோ நெடுநேரம் நோக்கி நின்றால், வீண்பொழுது என்று உடனே கடிந்துரைக்க வேண்டா. என்ன கண்டாய் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போமாக. அவ்வொரு சொல்லே பின்னாளிற் பெரும்பயன் விளைக்கவும் கூடும்.

பறவையைக் கொன்றால் இறைச்சி ஒருநாள் உணவாகும். கொல்லாமல் நோக்கினால் அறிவு எந்நாளும் நிற்கும். இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் விளக்கிய மாரே பண்டிதரின் புகழ் நிலவுவதாக.